ஜப்பானில் பிறந்த ஆக்ஸ்ஃபோர்டு அகராதி

பிளேஸ்மென்ட் சீசன் நெருங்கினா எல்லா காலேஜ் வாட்ஸ்அப் குரூப்லயும் ஒரு பிடிஎஃப் சுத்த ஆரம்பிக்கும். இன்டர்வியூவுக்குத் தெரிஞ்சிருக்க வேண்டிய நூறு இடியம்ஸ்னு அதுக்குத் தலைப்பு இருக்கும். கொட்டுற மழைக்கு நாயையும் பூனையையும் கூப்பிடுவாங்க, சுலபமான வேலைக்குக் கேக் துண்டைக் காட்டுவாங்க. நீங்களும் ஒரு ராத்திரி உட்கார்ந்து நாற்பது வரைக்கும் மனப்பாடம் பண்ணியிருப்பீங்க.

ஆனா ரூமுக்குள்ள போய் உட்கார்ந்த பிறகு அந்த நாற்பதுல ஒண்ணுகூட வாயில வராது. வர்றது வேற. 'மை சார் சஜஸ்டட் மீ டு டூ திஸ் ப்ராஜெக்ட்'. 'வி டிஸ்கஸ்ட் அபௌட் தி அல்காரிதம்'. 'கேன் யூ எக்ஸ்பிளெய்ன் மீ தி குவெஸ்டின்'. மூணு வாக்கியத்துலயும் ஒவ்வொரு வார்த்தையும் சரி. அர்த்தமும் புரியுது. ஆனா பொது இங்கிலீஷ் இலக்கணப்படி மூணுமே தப்பு.

தமிழ் மீடியம் ஆட்களுக்கு மட்டும்தான் இந்தப் பிரச்சினைன்னு நினைச்சா அது உண்மை இல்லை. எல்.கே.ஜி.யிலிருந்து இங்கிலீஷ் மீடியத்துல படிச்ச எங்க கூட்டமும் இதையேதான் சொல்லுது, கொஞ்சம் வேகமா சொல்லுது, அவ்வளவுதான்.

வார்த்தை தெரியும், அர்த்தம் தெரியும், இலக்கணமும் ஓரளவு தெரியும். அப்புறம் எங்கே தப்பு நடக்குது? இந்த ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு வாழ்க்கையில் பெரும்பகுதியைச் செலவழித்த ஒரு மனிதரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அவர் பெயர் உங்கள் வீட்டு அலமாரியில் ஏற்கெனவே இருக்கலாம். ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்ட் லேர்னர்ஸ் டிக்ஷனரி இருந்தால் அதன் அட்டையைப் பாருங்கள். ஏ.எஸ். ஹார்ன்பி என்று போட்டிருக்கும்.

இலக்கியம் நடத்தப் போனவர்

ஆல்பர்ட் சிட்னி ஹார்ன்பி 1898-ம் ஆண்டு ஆகஸ்ட் 10-ம் தேதி இங்கிலாந்தின் செஸ்டர் நகரத்தில் பிறந்தார். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஆங்கிலம் படித்து 1922-ல் பட்டம் வாங்கினார். அகராதி எழுதணும்னோ மொழியியல் ஆராய்ச்சி பண்ணணும்னோ அப்போது அவருக்கு எந்தத் திட்டமும் இல்லை.

1924-ல் அவருக்கு ஜப்பானில் வேலை கிடைத்தது. தெற்கே கியூஷு தீவில் ஓய்தா என்ற ஊர். அங்கே இருந்த உயர் வணிகப் பள்ளியில் இங்கிலீஷ் இலக்கியம் நடத்த வேண்டும். பள்ளி என்று பெயர் இருந்தாலும் மாணவர்கள் சின்னப் பசங்க இல்லை, கிட்டத்தட்ட நம்ம வயசு. படித்து முடித்து வங்கிக்கும் கம்பெனிக்கும் கப்பல் வணிகத்துக்கும் போகப் போகிறவர்கள்.

கொஞ்ச நாளிலேயே ஹார்ன்பிக்கு ஒரு விஷயம் புரிந்துவிட்டது. இந்த மாணவர்களுக்குத் தேவைப்படுவது இலக்கியம் இல்லை. அதற்கு முன்னால் வேறு ஒன்று தேவைப்படுகிறது. பல வருடம் இங்கிலீஷ் படித்திருக்கிறார்கள். கஷ்டமான பத்தியைக் கொடுத்தால் ஜப்பானிய மொழியில் பிரித்து மேய்ந்துவிடுவார்கள். ஆனால் சொந்தமாக நாலு வரி எழுதச் சொன்னால் தடுமாறுகிறார்கள்.

இதுக்குக் காரணம் அவர்கள் படித்த முறை. அந்தக் காலத்து ஜப்பானில் இங்கிலீஷ் வாக்கியத்தை வார்த்தை வார்த்தையாக ஜப்பானிய மொழிக்கு மாற்றிப் படிக்கும் வழக்கம் இருந்தது. இங்கிலீஷ் வரிசை வேறு, ஜப்பானிய வரிசை வேறு. அதனால் எந்த வார்த்தையை முதலில் படிக்கணும், எதை அடுத்துப் படிக்கணும் என்று வார்த்தைகளுக்கு எண் போட்டுக் காட்டும் புத்தகங்கள்கூட இருந்தன. அதாவது கண் முன்னும் பின்னும் தாவித் தாவி வாக்கியத்தைத் தங்கள் மொழியின் வரிசைக்குக் கொண்டுவந்துவிடும். படிக்க இது உதவும். பேச உதவாது. ஏன்னா பேசும்போது தாவ முடியாது. ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணாத்தான் வார்த்தை வெளியே வரணும்.

ஜப்பானும் நாமும் ஒரே கட்சி

இங்கே ஒரு சின்ன இடைவேளை. ஜப்பானிய மொழிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்னு கேட்பீங்க. வாக்கிய வரிசையில் நிறைய சம்பந்தம் இருக்கு.

'வதாஷி வா ரிங்கோ ஓ தபெமாசு' என்பது ஒரு ஜப்பானிய வாக்கியம். வதாஷி என்றால் நான். ரிங்கோ என்றால் ஆப்பிள். அதற்குப் பின்னால் வரும் 'ஓ' நம்ம 'ஐ' வேற்றுமை உருபு பார்க்கிற வேலையைப் பார்க்கிறது. தபெமாசு என்றால் சாப்பிடுகிறேன். ஆக, நான் ஆப்பிளைச் சாப்பிடுகிறேன். வரிசை அப்படியே தமிழ். வினைச்சொல் கடைசியில், உருபு பெயருக்குப் பின்னால்.

உருபு இருக்கிற மொழிக்கு ஒரு வசதி உண்டு. நாய் மனிதனைக் கடித்தது என்றாலும் மனிதனை நாய் கடித்தது என்றாலும் கடித்தது நாய்தான், கடிபட்டது மனிதன்தான். யார் என்ன பண்ணினாங்க என்பதை அந்த 'ஐ' சொல்லிவிடுகிறது, இடம் மாறினாலும் பரவாயில்லை. இங்கிலீஷில் அந்த 'ஐ' கிடையாது. வினைக்கு முன்னால் நின்றால் கடித்தவர், பின்னால் நின்றால் கடிபட்டவர். இடம்தான் உருபு.

பைத்தான் எழுதுகிறவர்களுக்கு இதை ஒரே வரியில் சொல்லலாம். தமிழும் ஜப்பானிய மொழியும் கீவேர்ட் ஆர்கியுமென்ட் மொழிகள். பெயரைச் சொல்லி அனுப்பினால் எந்த வரிசையில் அனுப்பினாலும் ஃபங்ஷன் எடுத்துக்கொள்ளும். இங்கிலீஷ் பொசிஷனல் ஆர்கியுமென்ட் மொழி. மூணாவது இடத்தில் வர வேண்டியது இரண்டாவதில் வந்தால் கதை மாறிவிடும்.

ஓய்தாவில் ஹார்ன்பி பார்த்த தப்புகள் பலவும் நம்ம தப்புகளாக இருப்பதற்கு இது ஒரு காரணம். ஜப்பானிய மொழியில் 'ஏ', 'தி' மாதிரி ஆர்டிகிள் கிடையாது. பன்மையைக் கட்டாயம் காட்ட வேண்டியதும் இல்லை. அந்த மாணவர்கள் எங்கெல்லாம் வழுக்கி விழுந்தார்களோ, அதில் பாதி இடங்களில் நாமும் விழுகிறோம்.

டோக்கியோவிலிருந்து வந்த அழைப்பு

அதே சமயத்தில் டோக்கியோவில் இன்னொரு ஆங்கிலேயர் இருந்தார். ஹெரால்ட் பால்மர். 1877-ல் பிறந்தவர், ஹார்ன்பியை விட இருபத்தொரு வயது மூத்தவர். ஜப்பான் கல்வி அமைச்சகத்தின் மொழி ஆலோசகராக 1922-ல் வந்து, அடுத்த வருடமே ஆங்கிலக் கல்வி ஆராய்ச்சிக்கு ஒரு நிறுவனம் தொடங்கியிருந்தார். முதலில் காதால் கேள், வாயால் சொல், படிப்பதும் எழுதுவதும் பிறகு என்பது அவருடைய கொள்கை.

பால்மரின் நிறுவனம் வெளியிட்ட இதழ்களும் அறிக்கைகளும் ஓய்தாவுக்கும் போய்ச் சேர்ந்தன. தன் வகுப்பில் பார்க்கிற பிரச்சினைக்கு அங்கே ஒருவர் விடை தேடிக்கொண்டிருக்கிறார் என்று ஹார்ன்பிக்குத் தெரிந்தது. கடிதப் போக்குவரத்து தொடங்கியது. 1930-களில் பால்மர் அவரைத் தன் ஆராய்ச்சிக்கு உதவி செய்யக் கூப்பிட்டார், ஹார்ன்பி டோக்கியோவுக்கு மாறினார்.

அந்த ஆராய்ச்சி என்ன தெரியுமா? எந்த வார்த்தை எந்த வார்த்தையோடு சேர்ந்து வருகிறது என்று பட்டியல் போடுவது. கேட்க போர் அடிக்கும். ஆனால் தமிழில் யோசித்துப் பாருங்கள். நாம தலையை வாருவோம், வீட்டைப் பெருக்குவோம், பாத்திரத்தைத் துலக்குவோம். மூணுமே ஒருவகையில் சுத்தம் பண்ற வேலைதான். ஆனா யாராவது வந்து பாத்திரத்தைப் பெருக்கினேன்னு சொன்னா சிரிச்சிருவோம். அதில் இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. அந்த இரண்டு வார்த்தைக்கும் நடுவில் பழக்கம் இல்லை, அவ்வளவுதான்.

நாம பரீட்சை எழுதுவோம். இங்கிலீஷ்காரர்கள் பரீட்சையை 'டேக்' பண்ணுவார்கள். நாம முடிவு எடுப்போம். அவர்கள் முடிவை 'மேக்' பண்ணுவார்கள். இதில் எந்த லாஜிக்கும் கிடையாது. ஒரு மொழிக்குள் பிறந்தவருக்கு இது மூச்சு விடுவது மாதிரி. வெளியிலிருந்து வருகிறவருக்கு ஒவ்வொன்றும் ஒரு கல். இப்படிச் சேர்ந்து வரும் சொற்கள் பற்றிய பெரிய அறிக்கை ஒன்று 1933-ல் பால்மரின் நிறுவனத்திலிருந்து வெளிவந்தது. ஹார்ன்பியின் உழைப்பு அதில் நிறைய உண்டு.

1936-ல் பால்மர் இங்கிலாந்துக்குத் திரும்பினார். நிறுவனத்தின் இதழைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு ஹார்ன்பிக்கு வந்தது. அதோடு இன்னொரு பெரிய வேலையும் தொடங்கியது.

தப்புகளிலிருந்து ஒரு அகராதி

அதுவரை வந்த பெரும்பாலான இங்கிலீஷ் அகராதிகள் இங்கிலீஷ் தெரிந்தவர்களுக்காக எழுதப்பட்டவை. தெரியாத ஒரு கடின வார்த்தையைப் பார்க்கிறீர்கள், அகராதியைத் திறக்கிறீர்கள், அர்த்தமும் வார்த்தையின் வேரும் கிடைக்கும். கற்பவர்களுக்கு என்றே ஓர் அகராதி 1935-ல் வந்திருந்தது. அதைச் செய்தவர்களில் ஒருவரான மைக்கேல் வெஸ்ட், டாக்காவில் கல்வித் துறையில் பல வருடம் வேலை பார்த்தவர். வெறும் 1,490 வார்த்தைகளை வைத்துக்கொண்டே மற்ற எல்லா வார்த்தைகளுக்கும் அர்த்தம் சொன்ன அகராதி அது. வங்காளத்துப் பிள்ளைகள் படிக்கிறதைப் பார்த்துப் பிறந்த யோசனை. வாசிக்கிறவருக்கு அது பெரிய உதவி.

ஹார்ன்பிக்கு வேண்டியது எழுதுகிறவருக்கு உதவி. 'சஜஸ்ட்' என்றால் என்ன அர்த்தம் என்று மாணவருக்கு ஏற்கெனவே தெரியும். அதை வாக்கியத்தில் எப்படி மாட்டுவது என்பதுதான் தெரியவில்லை.

ஏன் தெரியவில்லை என்பதற்கு அவர் கண்டுபிடித்த பதில் அழகானது. மாணவர் முட்டாள்தனத்தால் தப்பு செய்வதில்லை. புத்திசாலித்தனத்தால் செய்கிறார். 'டெல் மீ' சரி, 'ஷோ மீ' சரி, 'கிவ் மீ' சரி. அப்போ 'எக்ஸ்பிளெய்ன் மீ' ஏன் சரியில்லை? ஒரு நல்ல மூளை பேட்டர்னைப் பிடித்து அடுத்த வார்த்தைக்கு நீட்டிவிடுகிறது. 'வான்டட் மீ டு கோ', 'ஆஸ்க்ட் மீ டு கோ', 'டோல்ட் மீ டு கோ' எல்லாம் ஓகே என்றால் 'சஜஸ்டட் மீ டு கோ' மட்டும் என்ன பாவம் பண்ணியது? அர்த்தம் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும் இந்த வினைகள் ஏற்கும் அமைப்பு வேறு வேறு. 'சஜஸ்ட்' என்பதற்குப் பின்னால் 'தட்' வைத்து ஒரு துணை வாக்கியம் வரலாம், 'கோயிங்' மாதிரி ஒரு சொல் வரலாம். ஆளைப் போட்டு 'டு' போடுவதை அது ஏற்காது. 'எக்ஸ்பிளெய்ன்' என்றால் விஷயத்தை முதலில் சொல்லி, ஆளை 'டு மீ' என்று பின்னால் நிறுத்த வேண்டும்.

நம்ம பாஷையில் சொன்னால், ஒவ்வொரு வினைச்சொல்லும் ஒரு ஃபங்ஷன். அதற்கு ஒரு சிக்னேச்சர் இருக்கு. எத்தனை ஆர்கியுமென்ட், என்ன டைப், எந்த வரிசை என்பதெல்லாம் அதில் அடக்கம். இரண்டு ஃபங்ஷன் ஒரே மாதிரி வேலை பார்ப்பதால் இரண்டின் சிக்னேச்சரும் ஒன்றாக இருக்கும் என்று யாரும் நினைக்க மாட்டோம், டாக்குமென்டேஷனைத் திறந்து பார்ப்போம். இங்கிலீஷ் வினைச்சொற்களுக்கு அப்படி ஒரு டாக்குமென்டேஷன் எழுதியவர்தான் ஹார்ன்பி.

இந்த யோசனைக்கு விதை போட்டவர் பால்மர். அதை எடுத்து ஹார்ன்பி இங்கிலீஷ் வினைகளுக்கு 25 அமைப்புகள் வகுத்தார். அகராதியில் ஒவ்வொரு வினைக்கும் பக்கத்தில் எண் போட்டார். இந்த வினை இந்த எண்ணுள்ள அமைப்புகளில் மட்டும் வரும் என்று அர்த்தம். பெயர்ச்சொற்களுக்கும் ஒரு வேலை பார்த்தார். எது எண்ணக்கூடியது, எது எண்ண முடியாதது என்று குறித்தார். நம்ம ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் தவறாமல் வரும் 'ஈக்விப்மென்ட்ஸ்', 'சாஃப்ட்வேர்ஸ்', 'இன்ஃபர்மேஷன்ஸ்' எல்லாம் இந்த இடத்தில்தான் மாட்டும். மூணுமே எண்ண முடியாத பெயர்கள், 'எஸ்' ஒட்டக்கூடாது.

ஹார்ன்பி தனியாக இதைச் செய்யவில்லை. கேட்டன்பி, வேக்ஃபீல்ட் என்று இரண்டு சக ஆசிரியர்கள் கூடச் சேர்ந்தார்கள். வகுப்பறையில் நின்றவர்கள் எழுதிய அகராதி அது. மாணவர் எங்கே தடுமாறுவார் என்பது அவர்களுக்குப் புத்தகத்தைப் பார்த்துத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. ஒவ்வொரு நாளும் திருத்துகிற நோட்டுகளே தரவு.

எதிரி நாட்டில் அச்சான புத்தகம்

வேலை நடந்த காலத்தை மறந்துவிடாதீர்கள். 1930-களின் பிற்பகுதி. ஜப்பான் சீனாவோடு போரில் இருந்தது. பிரிட்டனோடு உறவு வருடத்துக்கு வருடம் கெட்டுக்கொண்டே போனது. இங்கிலீஷ் சந்தேகத்துக்குரிய மொழியாக மாறிக்கொண்டிருந்தது. நாட்டின் மனநிலை இப்படி இருக்கும்போது ஜப்பானிலேயே உட்கார்ந்து, ஜப்பானிய மாணவர்களுக்காக, இங்கிலீஷில் எந்த வினைக்குப் பின்னால் எது வரும் என்று மூன்று ஆங்கிலேயர்கள் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார்கள்.

1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டது. ஜப்பானும் பிரிட்டனும் நேரடி எதிரிகள். பதினேழு வருடம் ஜப்பானில் வேலை பார்த்த ஹார்ன்பி ஒரே நாளில் எதிரி நாட்டுக் குடிமகன் ஆனார். மற்ற வெளிநாட்டவரைப் போல அவரையும் காவலில் வைத்தார்கள். 1942-ல் அவர் நாட்டை விட்டு அனுப்பப்பட்டார்.

அதே 1942-ல்தான் அந்த அகராதி வெளிவந்தது. வெளியிட்டது லண்டன் கம்பெனி இல்லை. டோக்கியோவில் இருந்த கைதாகுஷா என்ற ஜப்பானியப் பதிப்பகம். இங்கிலீஷை எதிரியின் மொழி என்று சொல்லி, விளையாட்டில் புழங்கிய இங்கிலீஷ் சொற்களைக்கூட மாற்றிக்கொண்டிருந்த நாட்டில், எதிரி நாட்டுக்காரர்கள் மூவர் எழுதிய இங்கிலீஷ் அகராதியை ஒரு ஜப்பானியப் பதிப்பாளர் அச்சடித்து விற்றார். இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். ஹார்ன்பியைப் பாராட்டும்போது அந்தப் பதிப்பகத்தையும் சேர்த்துப் பாராட்ட வேண்டும். அவர்கள் கைவிட்டிருந்தால் இன்றைக்கு நம்ம அலமாரியில் அந்தப் புத்தகம் இருந்திருக்குமா என்பதே சந்தேகம்.

அகராதியின் முதல் பெயர் 'இடியமாட்டிக் அண்ட் சின்டாக்டிக் இங்கிலீஷ் டிக்ஷனரி'. வழக்குக்கும் வாக்கிய அமைப்புக்குமான அகராதி என்று சொல்லலாம். இதில் இடியம் என்ற சொல்லைக் கவனியுங்கள். நம்ம பிடிஎஃப்பில் இருக்கிற இடியம் என்பது அலங்காரம், நாய், பூனை, கேக் வகையறா. அவையும் அகராதியில் உண்டுதான். ஆனால் அந்தத் தலைப்பில் இருக்கிற இடியம் அதைவிடப் பெரியது. அந்த மொழிக்காரர்கள் இயல்பாக எப்படிச் சொல்வார்களோ அதுதான் அங்கே இடியம். பரீட்சையை 'டேக்' பண்ணுவதும் இடியம். முடிவை 'மேக்' பண்ணுவதும் இடியம். 'டர்ன் ஆஃப் தி லைட்' என்றும் சொல்லலாம், 'டர்ன் தி லைட் ஆஃப்' என்றும் சொல்லலாம், ஆனால் லைட்டுக்குப் பதில் 'இட்' வந்தால் 'டர்ன் இட் ஆஃப்' மட்டும்தான், 'டர்ன் ஆஃப் இட்' கிடையாது என்பதும் இடியத்தோடு சேர்ந்ததுதான். இங்கே வழக்கும் வரிசையும் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. அதனால்தான் தலைப்பில் இரண்டையும் சேர்த்துப் போட்டார்கள்.

டோக்கியோ டு ஆக்ஸ்ஃபோர்டு

ஜப்பானிலிருந்து வெளியேறிய ஹார்ன்பி பிரிட்டிஷ் கவுன்சிலில் சேர்ந்தார். அவர்கள் அவரை ஈரானுக்கு அனுப்பினார்கள். போர் முடியும்வரை டெஹ்ரானில் இங்கிலீஷ் கற்பித்தார். பிறகு லண்டனுக்கு வந்து மொழி ஆலோசகர் ஆனார். 1946-ல் இங்கிலீஷ் ஆசிரியர்களுக்காக ஓர் இதழ் தொடங்கி அதன் முதல் ஆசிரியராகவும் இருந்தார். 'இங்கிலீஷ் லாங்குவேஜ் டீச்சிங்' என்ற அந்த இதழ் 'ஈஎல்டி ஜர்னல்' என்ற பெயரில் இன்றும் வருகிறது.

டோக்கியோ அகராதியை ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் எடுத்துக்கொண்டது. 1948-ல் வெளியிட்டபோது புதிதாக எழுத்துக்கூடக் கோக்கவில்லை. ஜப்பானில் அச்சான பக்கங்களையே படம் பிடித்து அப்படியே மறுபடி அச்சடித்தார்கள். அதாவது உலகம் முழுக்கப் போன அந்த முதல் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பின் ஒவ்வொரு பக்கமும் டோக்கியோவில் கோத்த எழுத்து. சில வருடத்தில் பெயரில் 'அட்வான்ஸ்ட்' சேர்ந்தது. 1963-ல் இரண்டாம் பதிப்பு, 1974-ல் மூன்றாம் பதிப்பு. இதுவரை பல கோடிப் பிரதிகள் விற்றாகிவிட்டது.

25 அமைப்புகளை மட்டும் தனியாக எடுத்து, பெயர், பெயரடை, வினையடை ஆகியவற்றின் இடத்தையும் சேர்த்து 1954-ல் ஒரு புத்தகம் எழுதினார். 'எ கைடு டு பேட்டர்ன்ஸ் அண்ட் யூசேஜ் இன் இங்கிலீஷ்'. பழைய புத்தகக் கடையில் கிடைத்தால் விடாதீர்கள். நம்ம ஊருக்கும் இந்தக் காற்று அடித்தது. 1950-களின் கடைசியில் அன்றைய சென்னை மாநிலத்தில் ஆயிரக்கணக்கான பள்ளி ஆசிரியர்களுக்கு 'ஸ்ட்ரக்ச்சுரல்' முறையில் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு அமைப்பை எடுத்து, சூழ்நிலையோடு காட்டி, திரும்பத் திரும்பச் சொல்லவைக்கும் முறை அது. அதை ஹார்ன்பி நடத்தவில்லை. ஆனால் பால்மரும் அவரும் போட்ட பாதையில் வந்தது. உங்க தாத்தா பாட்டி 'திஸ் இஸ் எ பென்சில், தட் இஸ் எ புக்' என்று ராகம் போட்டுச் சொன்னால், அதுக்குப் பின்னாடி இந்தக் கதை இருக்கு.

ஹார்ன்பி எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டார் என்றும் சொல்ல முடியாது. அந்த எண்கள் பலருக்குப் புரியவில்லை. வினைக்குப் பக்கத்தில் எண்ணைப் பார்த்து, முன்பக்கம் புரட்டி அந்த எண்ணுக்கு என்ன அமைப்பு என்று தேடும் பொறுமை எத்தனை பேருக்கு இருக்கும்? பின்னால் வந்த பதிப்புகளில் எண்களை எடுத்துவிட்டு அமைப்பை நேரடியாகவே எழுதிவிட்டார்கள். இன்னொரு குறையும் உண்டு. அமைப்பைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தால் மட்டும் பேச்சு வந்துவிடாது. வாயில் அமைப்பு இருக்கும், சொல்ல விஷயம் இருக்காது. பிறகு வந்த மொழி ஆசிரியர்கள் இதைச் சரியாகவே விமர்சித்தார்கள்.

ராயல்டி எங்கே போச்சு?

இப்படி விற்ற புத்தகத்துக்கு ராயல்டி எவ்வளவு வரும்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க. 1961-ல் ஹார்ன்பி தன் பெயரில் ஒரு கல்வி அறக்கட்டளை தொடங்கி, ராயல்டியில் பெரும்பகுதியை அதற்கு எழுதி வைத்தார். மற்ற நாடுகளில் இங்கிலீஷ் கற்பிக்கும் ஆசிரியர்கள் பிரிட்டனுக்கு வந்து மேற்படிப்பு படிக்க உதவித்தொகை. அது இன்றும் நடக்கிறது.

யோசித்தால் இதில் ஒரு நியாயக் கணக்கு தெரிகிறது. அந்த அகராதி யாருடைய தப்புகளிலிருந்து பிறந்தது? வெளிநாட்டு மாணவர்களின் தப்புகளிலிருந்து. யார் வாங்கியதால் பணம் வந்தது? வெளிநாட்டு மாணவர்கள் வாங்கியதால். அந்தப் பணம் அவர்களுடைய ஆசிரியர்களுக்கே திரும்பிப் போகிறது.

பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்து நண்பர்கள் அவரை ஆஷ் என்று கூப்பிடுவார்கள். அவருடைய எண்பதாவது வயதுக்கு மரியாதையாக, அந்தத் துறைக்காரர்கள் எழுதிய கட்டுரைகளைத் தொகுத்து 1978-ல் ஒரு நூல் வெளிவந்தது. அதே வருடம் செப்டம்பரில், எண்பது முடிந்த அடுத்த மாதம், அவர் காலமானார்.

சரி, நமக்கு என்ன?

பிளேஸ்மென்ட்டுக்கு இன்னும் சில வாரம்தான் இருக்கு, ஒரு அகராதிக்காரர் கதை எதுக்குன்னு நீங்க கேட்டா, பதில் மூணு விஷயம்.

முதலாவது, புது வார்த்தை தேடாதீங்க. தெரிஞ்ச வார்த்தையைத் தேடுங்க. நீங்க தினமும் பயன்படுத்துற இருபது வினைச்சொல்லை எழுதிக்கோங்க. 'சஜஸ்ட்', 'டிஸ்கஸ்', 'எக்ஸ்பிளெய்ன்', 'ரிக்வெஸ்ட்', 'அவாய்ட்', 'பிரிவென்ட்' மாதிரி. ஆக்ஸ்ஃபோர்டு லேர்னர்ஸ் அகராதி நெட்டிலேயே இலவசமாகக் கிடைக்குது. அர்த்தத்தைத் தாண்டிப் போய், அதுக்குக் கீழே இருக்கிற அமைப்பையும் உதாரண வாக்கியத்தையும் பாருங்க. 'டிஸ்கஸ்' பக்கத்துல 'அபௌட்' இருக்காது. 'பற்றி' என்கிற நம்ம தமிழ் உருபு அந்த வினைக்குள்ளேயே அடங்கியிருக்கு.

இரண்டாவது, கேள்வி வாக்கியத்தை இன்னொரு வாக்கியத்துக்குள்ள வைக்கும்போது வரிசையைப் பாருங்க. 'வேர் இஸ் தி லேப்' சரி. 'கேன் யூ டெல் மீ வேர் இஸ் தி லேப்' சரியில்லை, 'வேர் தி லேப் இஸ்' என்று வரணும். தமிழ்ல லேப் எங்கே இருக்கு, லேப் எங்கே இருக்குன்னு சொல்லுங்க, ரெண்டுக்கும் ஒரே வரிசை. இங்கிலீஷ்ல உள்ளே போனதும் வரிசை மாறும்.

மூணாவது எனக்கு முக்கியமாகப் படுவது. தப்பு வந்தா கூசிப் போகாதீங்க. மத்தவங்க தப்புக்குச் சிரிக்கவும் செய்யாதீங்க. 'எக்ஸ்பிளெய்ன் மீ' என்று சொன்ன மாணவனைப் பார்த்து, இவனுக்கு இங்கிலீஷ் வராது என்று முடிவு கட்டியவர்கள் உலகம் முழுக்க இருந்திருப்பார்கள். ஓய்தாவில் ஒரு வாத்தியார் மட்டும் இவன் ஏன் இப்படிச் சொல்கிறான் என்று யோசித்தார். அந்த மாணவனின் மூளை ஒழுங்காக வேலை செய்கிறது, அவன் கையில் இருக்கிற புத்தகம்தான் முழுசாக இல்லை என்ற முடிவுக்கு வந்தார். பிறகு உட்கார்ந்து அந்தப் புத்தகத்தை எழுதினார்.

உங்க ஜூனியர் ஒருத்தர் செமினார்ல தடுமாறும்போது பின்பெஞ்சுல சிரிப்புச் சத்தம் கேட்டால் இதை ஞாபகம் வச்சுக்கோங்க. முடிஞ்சா அவரோட சேர்ந்து அந்த ஒரு வினைச்சொல்லை அகராதியில் தேடிப் பாருங்க. ரெண்டு நிமிஷ வேலைதான்.